புது மாடல் வண்டி: முதல் ஆளா வாங்கலாமா, ஒரு வருஷம் பொறுக்கலாமா?



ஒரு புது கார் லாஞ்ச் ஆகுது. போனைத் திறந்தா அந்த வண்டியோட ரிவ்யூ மட்டும்தான் வருது. ஷோரூம்ல இருந்து கூப்பிடறாங்க: "சார், இந்த விலை முதல் புக்கிங்குக்கு மட்டும்தான்." கையில 2 லட்சம் சேர்த்து வச்சிருக்கீங்க, மீதிக்கு லோன். அப்பா மட்டும் சொல்றார்: "புதுசா வந்ததை உடனே வாங்காதே, நாலு பேரு ஓட்டட்டும், அப்புறம் பாக்கலாம்."

அப்பா சொல்றது சரியா? இதை ஒரு ஆடிட்டர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்க்கலாம். வீடியோவில் எல்லாக் கணக்கையும் வரிவரியாகக் காட்ட முடியாது. அதனால் எழுத்தில் தருகிறேன். ஒரு பேப்பர் பேனா எடுத்துக்கோங்க.

முதலில், "புதுசு" என்றால் எது புதுசு?

லாஞ்ச் ஆகும் எல்லா வண்டியும் ஒரே அளவுக்குப் புதுசு கிடையாது.

2023 ஏப்ரலில் மாருதி ஃப்ரான்க்ஸ் வந்தது. பேர் புதுசு, பாடி புதுசு. ஆனா அடித்தளம் பலேனோ வண்டியோடது. 1.2 லிட்டர் இன்ஜினும் ஏற்கனவே லட்சக்கணக்கான வண்டிகளில் ஓடிக்கிட்டிருந்ததுதான். 2015 ஜூலையில் ஹூண்டாய் க்ரெட்டா வந்தப்போவும் கதை இதுதான். அதன் இன்ஜின்கள் அன்றைய வெர்னாவில் ஏற்கனவே இருந்தவை. இது பழைய சாம்பாரைப் புதுப் பாத்திரத்தில் ஊத்தின மாதிரி. குறையாச் சொல்லலை, உங்களுக்கு நல்லதுதான்.

இன்னொரு பக்கம், இன்ஜின் அல்லது மோட்டார், கியர்பாக்ஸ், சாஃப்ட்வேர், தொழிற்சாலை, சர்வீஸ் நெட்வொர்க் எல்லாமே ஒரே நேரத்தில் புதுசா இருக்கிற வண்டியும் வரும். ரிஸ்க் கூடுவது இங்கேதான். அதனால "புது மாடலா?" என்று கேட்பதை விட, "இதில் எத்தனை விஷயம் முதல் முறையா ஓடுது?" என்று கேளுங்க.

நான்கு வகை ரிஸ்க்

"புது மாடல்ல பிரச்சனை வரும்" என்று மொத்தமாகச் சொன்னா எதுவும் புரியாது. நாலாகப் பிரிக்கலாம்.

1. டிசைன் குறை. வரைபடத்திலேயே இருக்கிற தப்பு. டெஸ்ட் டிராக்கில் சில நூறு வண்டி ஓடும்போது தெரியாது. ஐம்பதாயிரம் பேர் வெயிலிலும் மழையிலும் ஸ்பீட் பிரேக்கரிலும் ஓட்டினாத்தான் வெளியே வரும்.

2. பேட்ச் குறை. டிசைன் சரி. ஆனா குறிப்பிட்ட சில வாரங்களில் சப்ளையர் அனுப்பின பார்ட்ஸ் சரியில்லை. இது பழைய மாடலுக்கும் வரும்.

3. சர்வீஸ் குறை. வண்டி பரவாயில்லை, ஆனா மெக்கானிக்குக்கு இன்னும் பழகலை, பார்ட்ஸ் வந்து சேரலை. இரண்டு மணி நேர வேலைக்கு இரண்டு வாரம் வண்டி நிக்கும்.

4. கைவிடப்படும் ரிஸ்க். மாடல் ஓடலைன்னா கம்பெனி நிறுத்திடும். சில நேரம் கம்பெனியே நாட்டை விட்டுப் போயிடும். செவர்லே 2017 கடைசியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. டட்சன் 2022-இல் போனது. வண்டி நல்லா ஓடினாலும் ரீசேல் விலையில் அடி விழும்.

ஒரு வருஷம் பொறுத்தா, இதில் முதலாவதும் மூணாவதும் நல்லாவே குறையும். நாலாவது ஓரளவு தெளிவாகும். இரண்டாவது குறையவே குறையாது. இதை நினைவில் வச்சுக்கிட்டு அடுத்ததைப் படிங்க.

நம்ம பக்கத்திலேயே நடந்த பாடம்

சேலத்திலிருந்து தர்மபுரி தாண்டிப் போனா கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி. அங்கே ஓலா எலெக்ட்ரிக் பெரிய தொழிற்சாலை கட்டியது. எஸ்1, எஸ்1 ப்ரோ ஸ்கூட்டர்கள் 2021 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமாச்சு, அந்த டிசம்பரில் டெலிவரி தொடங்கியது. வண்டி, தொழிற்சாலை, சாஃப்ட்வேர், நேரடியாக ஆன்லைனில் விற்கும் முறை எல்லாமே புதுசு.

அப்புறம் நடந்ததை வரிசையாப் பாருங்க. அறிமுகத்தில் சொன்ன க்ரூஸ் கன்ட்ரோல், நேவிகேஷன் போன்ற வசதிகள் முதலில் வாங்கினவங்களுக்கு டெலிவரி நாளில் கிடைக்கலை. 2022-இன் நடுவில் சாஃப்ட்வேர் அப்டேட்டாகத்தான் வந்தது. 2022 மார்ச்சில் புனேயில் ஒரு ஸ்கூட்டர் தீப்பிடித்தது. அடுத்த மாதம் 1,441 வண்டிகளைக் கம்பெனி பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. முன்பக்க ஃபோர்க் பற்றிப் புகார்கள் வந்த பிறகு, 2023 மார்ச்சில் புது டிசைன் ஃபோர்க்கை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு வந்த புகார்கள் 10,644. அதில் சர்வீஸ் தாமதம் பற்றி மட்டும் 3,389. இவற்றில் 99.1 சதவீதம் தீர்க்கப்பட்டதாகக் கம்பெனி பதில் சொன்னது.

10,644 என்றதும் பயந்துடாதீங்க, வகுத்துப் பாருங்க. 2023-24 நிதியாண்டில் அந்தக் கம்பெனி 3 லட்சத்துக்கும் மேல் ஸ்கூட்டர் விற்றது. ஒரு வருஷ விற்பனையோடு வகுத்தா சுமார் 3 சதவீதம். அதற்கு முன்னால் விற்றதையும் சேர்த்தா இன்னும் குறையும். அதே சமயம், வண்டி நின்னா எல்லாரும் ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ண மாட்டாங்க, பொறுக்க முடியாதவங்கதான் பண்ணுவாங்க. ஒரு எண்ணைப் பார்த்தா "எத்தனையில் இத்தனை?" என்று கேட்கிற பழக்கம் வேணும்.

இந்தக் கதையில் இன்னொண்ணு கவனிங்க. டிசைன் குறை இரண்டு வருஷத்துக்குள் சரி செய்யப்பட்டது. ஆனா மூணாவது வருஷத்திலும் பெரிய பிரச்சனை சர்வீஸ்தான். அதாவது, மாடல் பழசானா மட்டும் போதாது, உங்க ஊர் சர்வீஸ் சென்டரும் பழகி இருக்கணும்.

ரீகால் என்றாலே மோசமான வண்டியா?

இல்லை. மஹிந்திராவைப் பாருங்க. எக்ஸ்யூவி700 2021-இல் வந்தது. ஸ்கார்பியோ-என் 2022 ஜூனில் வந்தது. 2022 டிசம்பரில் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 19,000 மேனுவல் கியர் வண்டிகளைத் திரும்ப அழைத்தாங்க. காரணம், அந்த ஜூலை முதல் நவம்பர் வரை தயாரான வண்டிகளில் பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் ஒரு ரப்பர் பாகம். எக்ஸ்யூவி700 அப்போ ஒரு வருஷம் ஓடின மாடல். "ஒரு வருஷம் பொறுத்து வாங்கறேன்" என்று 2022 ஆகஸ்டில் வாங்கினவரும் இதில் மாட்டியிருக்கலாம். இது பேட்ச் குறை.

2023 ஆகஸ்டில் இன்னொரு அழைப்பு. இன்ஜின் பகுதி வயரிங்கைப் பரிசோதிக்க 1,08,306 எக்ஸ்யூவி700 வண்டிகள். 2021 ஜூன் முதல் 2023 ஜூன் வரை தயாரானவை. இரண்டு வருஷத் தயாரிப்பு மொத்தமும்! ஒரு வருஷம் பொறுத்தவருக்கும் இதில் தப்பிக்க வழியில்லை.

மாருதியும் 2023 ஜனவரியில் ஏர்பேக் கன்ட்ரோலருக்காக 17,362 வண்டிகளை அழைத்தது. அந்தப் பட்டியலில் புது கிராண்ட் விட்டாராவும் இருந்தது, வருஷக்கணக்கா ஓடுகிற ஈக்கோவும் இருந்தது.

அதனால ரீகாலை எண்ணி வண்டியை எடை போடாதீங்க. தானா முன்வந்து அழைத்து, இலவசமா மாத்தித் தர்ற கம்பெனி, பிரச்சனையை மூடி மறைக்கிறதை விட எவ்வளவோ மேல்.

எதிர்ப் பக்கத்துக்கு டாடா நானோ. 2009-இல் வந்தது. சில வண்டிகள் தீப்பிடித்த செய்திகள் பரவின. 2010 நவம்பரில் கூடுதல் பாதுகாப்புப் பாகங்களை இலவசமா பொருத்தித் தர்றதாக் கம்பெனி சொன்னது. அந்த மாதம் விற்பனை 509 வண்டிகள்தான். 2018-இல் உற்பத்தி நின்றது. பெரும்பாலான நானோக்கள் எந்தத் தீயும் இல்லாமல் ஓடின. ஆனா ரீசேல் மார்க்கெட்டுக்குப் பேர் முக்கியம். பேர் கெட்டா உங்க வண்டி நல்லா இருந்தும் விலை போகாது.

இப்போ உங்க பாக்கெட் கணக்கு

எக்ஸ்-ஷோரூம் விலை 8,50,000 ரூபாய் என்று வச்சுக்கலாம். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 13 சதவீதம், அதாவது 1,10,500. இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு சுமார் 39,500. ஆக ஆன்-ரோடு 10 லட்சம். நீங்க 2 லட்சம் கட்டி, 8 லட்சம் லோன். 9 சதவீதம், 5 வருஷம். இஎம்ஐ 16,607 ரூபாய்.

ஒரு வருஷம் கழிச்சு, வண்டி அடிக்கடி ஒர்க்‌ஷாப் போகுது, வித்துடலாம்னு நினைக்கிறீங்க. அன்னைக்கு லோன் பாக்கி சுமார் 6,67,000. இன்ஷூரன்ஸ் கணக்குப்படி ஒரு வருஷம் தாண்டின காருக்கு 20 சதவீதம் தேய்மானம், அதாவது வண்டி மதிப்பு 6,80,000. சாதாரண வண்டிக்கே வித்தா லோன் அடையும், கையில பத்து பதிமூணாயிரம் மிஞ்சும், அவ்வளவுதான். கட்டின சாலை வரி திரும்ப வராது.

இப்போ அந்த மாடலுக்குப் பேர் கெட்டுப்போச்சு, 6 லட்சத்துக்குத்தான் கேட்கிறாங்க என்று வைங்க. 67,000 ரூபாய் உங்க கையிலிருந்து போட்டாத்தான் பேங்க் என்ஓசி தரும். ஏற்கனவே கட்டின 2 லட்சமும் 12 இஎம்ஐயும் சேர்த்தா, ஒரு வருஷம் கார் ஓட்டினதுக்கு மொத்தச் செலவு சுமார் 4,66,000. நல்ல மாடலா இருந்திருந்தா சுமார் 3,86,000. வித்தியாசம் 80,000.

பத்துப் பேரில் ஒருத்தருக்கு இப்படி ஆகும்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கிட்டா, சராசரி நஷ்டம் 8,000 ரூபாய்தான். சின்னத் தொகை. ஆனா நீங்க சராசரி கிடையாது. ஒண்ணு அந்த ஒருத்தர், இல்லைன்னா மத்த ஒன்பது பேரில் ஒருத்தர். மாசம் 45,000 சம்பளத்தில் ஒரே ஆள் சம்பாத்தியத்தில் ஓடுகிற வீட்டுக்கு 80,000 என்பது ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். ரிஸ்க்கை அளக்கும்போது சராசரியைப் பார்ப்பதோட நிறுத்தாதீங்க, தாங்க முடியுமான்னும் பாருங்க.

பொறுத்தா எவ்வளவு நஷ்டம்?

"அடுத்த வருஷம் விலை ஏறிடுமே?" சரி, அதையும் போடுவோம். ஆன்-ரோடு விலை 30,000 ஏறட்டும். இந்த 12 மாதமும் நீங்க மாசம் 15,000 ரூபாய் ஆர்டியில் 6.5 சதவீதத்துக்குப் போடறீங்க. வருஷக் கடைசியில் அசல் 1,80,000, வட்டி சுமார் 6,300. இதையும் பழைய 2 லட்சத்தையும் கட்டினா லோன் சுமார் 6,44,000 போதும். இஎம்ஐ 13,368.

இன்னைக்கே வாங்கினா மொத்தம் கட்டுவது: 2,00,000 + 9,96,400 = 11,96,400.
பொறுத்து வாங்கினா: 2,00,000 + 1,80,000 + 8,02,100 = 11,82,100.

விலை ஏறியும் கூட சுமார் 14,000 ரூபாய் மிச்சம்! இஎம்ஐயும் மாசம் 3,200 ரூபாய் குறைவு. அந்த ஒரு வருஷ பஸ், பைக் செலவைக் கழிச்சா கிட்டத்தட்ட சமம். ஆக, பொறுப்பதற்கு நீங்க கொடுக்கிற விலை பணம் இல்லை, ஒரு வருஷ ஆசை மட்டும்தான்.

அறிமுக விலை விஷயத்துக்கும் வர்றேன். ஸ்கார்பியோ-என் அறிமுக விலை முதல் 25,000 புக்கிங்குக்கு. 2022 ஜூலை 30-இல் அந்த 25,000 ஒரே நிமிஷத்தில் முடிஞ்சது. அரை மணி நேரத்தில் புக்கிங் ஒரு லட்சத்தைத் தொட்டது. அறிமுக விலையை நம்பி அவசரப்பட்டவர்களில் பெரும்பாலானவங்களுக்கு அது கிடைக்கவே இல்லை, காத்திருப்புதான் கிடைச்சது.

நம்ம ஊர் லாரிக்காரங்க பார்க்கிற விதம்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியும் ரிக் வண்டியும்தான் பல குடும்பங்களுக்குச் சோறு. அங்கே வண்டியைப் பற்றிப் பேசும்போது டச் ஸ்கிரீன் சைஸ் யாரும் கேட்க மாட்டாங்க. "வண்டி நின்னா டியூ யாரு கட்டறது?" இதுதான் முதல் கேள்வி. பார்ட்ஸ் எங்கே கிடைக்கும், எந்த மெக்கானிக் பார்ப்பார், வித்தா என்ன போகும் என்பது அடுத்த மூணு கேள்வி.

உங்க காரும் ஒரு வகையில் அப்படித்தான். 15 நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்னாலும் அந்த மாச இஎம்ஐயில் பாதி, 8,300 ரூபாய், நிக்கிற வண்டிக்குத்தான் போகுது. ராசிபுரத்திலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ தினமும் சேலம் வேலைக்கு வர்றவருக்கு, சர்வீஸ் சென்டர் வீட்டுப் பக்கம் இருக்கா, கோயம்புத்தூர் வரை போகணுமா என்பது மைலேஜை விட முக்கியம்.

இன்ஷூரன்ஸ், வாரண்டி, சட்டம்: எது கை கொடுக்கும்?

மோட்டார் இன்ஷூரன்ஸ் விபத்துக்கும் திருட்டுக்கும்தான். இன்ஜின் தானா பழுதானா, கியர்பாக்ஸ் மக்கர் பண்ணினா வராது. "ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்" எடுத்திருந்தாலும் திருட்டு, முழுச் சேதம் இரண்டுக்கு மட்டும்தான்.

அதனால புது மாடலுக்கு உண்மையான காப்பு வாரண்டிதான். நீட்டிக்கப்பட்ட வாரண்டியை நான் பொதுவா எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா முழுக்கப் புது இன்ஜின், புது கியர்பாக்ஸ் வண்டின்னா, லோன் முடியிற வருஷம் வரைக்கும் வாரண்டி இருக்கிற மாதிரி எடுங்க.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 110ஏ பிரிவு வந்தது. பாதுகாப்புக் குறை இருந்தா வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கம்பெனிக்கு அரசு உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கு. 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும், அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி வரை. ஆனா இது பாதுகாப்புக் குறைக்கு மட்டும்தான். ஏசி சத்தம், மைலேஜ் குறைவு இதில் வராது.

அதுக்கு நுகர்வோர் சட்டம் இருக்கு. முதலில் 1915-க்குப் போன் பண்ணுங்க. தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கின பொருளுக்கு அங்கேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை வெறும் 200 ரூபாய். பிரச்சனை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போகணும். தயாரிப்புக் குறை என்று நீங்கதான் நிரூபிக்கணும். அதனால ஒவ்வொரு தடவை வண்டி விடும்போதும் உங்க புகாரை ஜாப் கார்டில் எழுத வைங்க. "பார்த்துக்கறோம் சார்" என்று வாய்வார்த்தையா சொன்னது சாட்சி ஆகாது.

அப்போ முடிவு எப்படி எடுக்கறது?

வாங்கும் முன் இந்த ஐந்து கேள்விக்கும் பதில் எழுதுங்க.

1. இன்ஜின் அல்லது மோட்டார், கியர்பாக்ஸ் இரண்டும் ஏற்கனவே வேற மாடலில் ஓடுதா?
2. சர்வீஸ் சென்டர் 30 கிலோமீட்டருக்குள் இருக்கா? அங்கே இந்த மாடல் ஏற்கனவே வருதா?
3. சொல்ற வசதிகள் எல்லாம் டெலிவரி நாளிலேயே வேலை செய்யுமா, "அப்புறம் அப்டேட்டில் வரும்" என்கிறாங்களா?
4. வண்டி 15 நாள் நின்னா, வேலைக்குப் போக வேற வழி இருக்கா?
5. இஎம்ஐ போக, ஆறு மாதச் செலவுக்கு அவசரப் பணம் தனியா இருக்கா?

ஐந்துக்கும் பதில் சாதகமா இருந்தா, முதல் மாதமே வாங்குங்க, பயப்பட வேண்டாம். முதல் கேள்வியில் மட்டும் இடிச்சா, முழு வாரண்டியோட வாங்கலாம். இரண்டாவதோ நாலாவதோ இடிச்சா ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம் பொறுங்க. ஐந்தாவது இடிச்சா, பிரச்சனை வண்டி மாடலில் இல்லை. எந்த மாடலும் இப்போ வேண்டாம்.

காத்திருப்புப் பட்டியல் நீளமான வண்டின்னா, புக்கிங் தொகை முழுசா திரும்பக் கிடைக்கும்னு எழுத்தில் வாங்கிட்டுப் புக் பண்ணலாம். உங்க முறை வர்றதுக்குள்ள முதல் வண்டிகள் இரண்டு சர்வீஸ் பார்த்திருக்கும். டெலிவரி எடுக்கும்போது வண்டி தயாரான மாதத்தையும் பாருங்க. அப்புறம் சேஸிஸ் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டு, ரீகால் ஏதாவது இருக்கான்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க. இரண்டு நிமிஷ வேலை.

அப்பா சொன்னது பாதிக்கு மேல சரிதான். நாலு பேரு ஓட்டட்டும். கூடவே, அந்த நாலு பேரில் ஒருத்தர் உங்க ஊர்க்காரரா இருந்தா அவர் ஜாப் கார்டையும் ஒரு தடவை கேட்டு வாங்கிப் பாருங்க.

மேலே உள்ள கணக்கில் உங்க சம்பளம், உங்க லோன் வட்டியைப் போட்டு இந்த வார இறுதியில் ஒரு தடவை போட்டுப் பாருங்க. அடுத்த பதிவில் பழைய கார் வாங்கும்போது ஆர்சி, ஹைப்போதிகேஷன், என்ஓசி பார்ப்பது எப்படின்னு பார்க்கலாம்.